நாலு சிவப்புக் கோடு

அத்தியாயம் 9

"மேடம், கை மாட்டிக்கிச்சு."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், முகம் நசுங்கிய ஒரு பழைய காருக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்தேன். வலது கை விரல்கள் இரும்புச் சட்டத்தின் இடுக்குக்குள் போயிருந்தன. உள்ளே போன வழியாகவே வெளியே வர அவை மறுத்தன.

"போனது எப்படியோ அப்படியே வரும். பதறாதே" என்றார் மேடம், வெளியே நின்றபடி. அவருக்கென்ன, அவர் கையா?

மேடத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் விபத்து பைல்களைப் படித்துப் படித்தே கண்ணாடி தடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலில் பத்து வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தவன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் பிரேக். என்மேல் அவருக்கு ஒரே ஒரு புகார்தான். அவர் சொல்வதைக் காதில் வாங்காமலே "ம்" கொட்டுகிறேனாம். ஒரு நாளைக்கு நூறு விஷயம் சொன்னால் மனிதன் வேறு என்னதான் செய்வான்?

அந்தக் கார் ஒரு மருந்துக்கடைக்காரருடையது. இருபத்திரண்டு வயசான வண்டி. போன ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வீட்டு ஷெட்டிலேயே, முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் இரண்டு ஆர்ம்களையும் கழற்றினார். அவற்றின் மூட்டில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, மேடு பள்ளத்தில் லொடலொடவென்று சத்தம் வந்துகொண்டிருந்ததாம். பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். மூன்று நாள் கடைக்கு ஓட்டிப் போய் வந்தார். வியாழக்கிழமை காலை, போகிற வழியிலேயே இடது ஆர்ம் கழன்று, சக்கரம் மடங்கி, கார் மதில் சுவரில் மோதியது. இன்று சனிக்கிழமை. அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

போலீஸ் பிடித்து வைத்திருப்பது அவருடைய மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை. அவன் கார் மெக்கானிக். நானிருக்கும்போது மாமா எப்படித் தானே வண்டியைப் பிரிக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கேட் வாசலில் நின்று அரைமணி நேரம் கத்தியிருக்கிறான். தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது. "இந்த வண்டி உங்களை நடுரோட்டுல விடத்தான் போகுது" என்று சொன்னதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதன்பின் மாமா கோபம் ஆறுவதற்காக உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பத்து நிமிஷமும் இவன் ஷெட் வாசலில் தனியாக நின்றிருக்கிறான். கொலை முயற்சி. இன்று நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

எங்களைத் தேடி வந்தது அந்த மனைவிதான். புருஷன் ஆஸ்பத்திரியில், தம்பி லாக்கப்பில். காலையில் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியவில்லை என்று சொல்லி அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விடுகிறார்களாம். ஸ்டேஷனில் அதுவும் இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தால், இன்ஸ்பெக்டர் கையிலிருந்த சாட்சியம் மலைபோல் இருந்தது. ஒவ்வொரு ஆர்முக்கும் இரண்டு போல்ட், ஆக மொத்தம் நாலு. மருந்துக்கடைக்காரர் எந்த போல்ட்டை முறுக்கினாலும், அது முறுக்கியாயிற்று என்பதற்கு நட்டின்மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இருக்கும். இடது பக்கத்து நட்டு ஒன்று ரோட்டில் கிடைத்தது. அதில் கோடு இருந்தது. வலது பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டிலும் கோடு இருந்தது. மனைவியே வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார்: "முறுக்காத போல்ட்டுல எங்க வீட்டு வண்டியில மார்க்கே இருக்காது சார்." ஆக, முறுக்கியிருந்த போல்ட்டை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். தளர்த்தத் தெரிந்தவன் மச்சான். கேஸ் முடிந்தது.

என் கை ஒருவழியாக வெளியே வந்தது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மேடம் தன் வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்து, அதே இடுக்கில் கையை விட்டார். வழுக்கிக்கொண்டு போய் நட்டைத் தொட்டது.

"ஸ்பேனர் போகும். நீளமான சாக்கெட்டை வெளியிலிருந்தே விட்டுத் திருப்பலாம். ஆனா பிரஷ் பிடிச்சுக் கோடு போடணும்னா விரலே உள்ள போகணும். அப்படித்தானே பிரேக்?"

"ம்" என்றேன். என் கவனம் என் முட்டியில் இருந்தது.

மேடம் கான்ஸ்டபிளிடம் அந்த நட்டைக் கழற்றச் சொன்னார். அது ஒரே சுற்றில் லேசாகச் சுழன்று வந்தது. அந்தச் சட்டத்துக்கு மருந்துக்கடைக்காரர் முந்தின வாரம்தான் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். மேடம் வாஷரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சக்கரத்துப் பக்கம் இருந்த இன்னொரு பெரிய நட்டையும் கழற்றச் சொல்லி அதன் கீழும் பார்த்தார். எழுந்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெரிய நட்டுக்குக் கீழ பாருங்க. இறுக்கி முறுக்கினதால வாஷர் பெயிண்டைக் கடிச்சு, வட்டமா இரும்பு தெரியுது. இங்க பாருங்க. பெயிண்ட் அப்படியே மழமழன்னு இருக்கு. இந்த போல்ட்டை யாரும் தளர்த்தல. முறுக்கவே இல்ல."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர், தூக்கம் கெட்ட கெட்டிக்காரர். குனிந்து பார்த்தார், தலையாட்டினார், சத்தமே போடாமல் எங்களைக் கவிழ்த்தார்.

"சரி மேடம், முறுக்கல. அப்ப மார்க் எப்படி வந்துச்சு? அந்தப் பத்து நிமிஷத்துல மச்சான் வச்சான். மாமா வெளிய வந்து மார்க்கைப் பார்த்து, நாமதான் முறுக்கிட்டோம்போலன்னு விட்டுடணும். தளர்த்துறதைவிட இது சுலபமாச்சே. என் கேஸை நீங்களே கெட்டியாக்கிக் கொடுத்துட்டீங்க."

பதினொன்றரை மணி. நாங்கள் வந்ததால் மச்சானுக்கு நேர்ந்த ஒரே நன்மை இதுதான்.

லாக்கப்பில் மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வண்டியைத் தொடவே இல்லை, டயரை ஒரு உதை உதைத்தேன், அவ்வளவுதான் என்றான். சண்டையில் என்ன பேசினீர்கள் என்று மேடம் கேட்டார். அவன் சொன்னதை நான் முழுசாகக் கேட்டேன், ஏனென்றால் அது விசித்திரமாக இருந்தது.

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்று தெருவுக்குக் காட்டுவதற்காக இவன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். ரப்பர் புஷ் போல்ட்டை எப்போது முறுக்க வேண்டும்? வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் முதலில் கையால் முடிந்த அளவுக்கு மட்டும் மாட்டி வைத்துவிட்டு, வண்டியை இறக்கி, சக்கரத்தில் பாரம் வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. வேறெந்த போல்ட்டுக்கும் இந்த முறை கிடையாது. முக்கால்வாசி மெக்கானிக்குகளே இதைச் செய்வதில்லையாம்.

"மாமா டக்குன்னு சொல்லிட்டார். 'இப்பத்தான் இறக்கியிருக்கேன், இனிமேதான் முறுக்கணும்'னு சொன்னார். அவருக்குத் தெரிஞ்சிருக்கேன்னுதான் எனக்கு இன்னும் கோபம் வந்துச்சு. இன்னும் கத்தினேன்."

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்ப முறுக்கலைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்னு எழுதிக்கிட்டார்."

உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் குழி ஆழமாகிக்கொண்டே போனது. மேடம் அவனைக் கையை நீட்டச் சொன்னார். கம்பிக்கு வெளியே இரண்டு கைகள் வந்தன. ஒவ்வொரு விரலும் என் இரண்டு விரல் தடிமன். என் கையே மாட்டிக்கொண்ட இடுக்கு அது. இந்தக் கை உள்ளே போயிருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் நான் இன்ஸ்பெக்டர் அறைப் பக்கம் பாய்ந்தேன். மேடம் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஓடுற?"

"மார்க் வச்ச கை அவன் கை இல்லைன்னு சொல்ல வேண்டாமா?"

"அப்ப யார் கைன்னு கேப்பார். உள்ள போய் நட்டைத் தொட்ட கை ஒண்ணே ஒண்ணுதான், அது என்னோடது. என்னைப் பிடிச்சு வைக்கட்டுமா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மருந்துக்கடை வீட்டுக்குப் போனோம்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் புருஷனின் மூக்குக்கண்ணாடி. கண் திறந்தால் தேடுவாரே என்று கொண்டு போயிருக்கிறார், இப்போது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி கையிலேயே வைத்துக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் நாலு மணிக்குத்தானே, அதற்குள் முடியுமா என்று வாசலிலிருந்து ஷெட் வரைக்கும் மூன்று தடவை கேட்டார். முடியும் என்று மூன்று தடவையும் நான்தான் சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி.

ஷெட் மருந்துக்கடை அலமாரி போலவே இருந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் வைக்கிற நாலு மரக்கட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. இறக்கிய வண்டியை அந்தக் கட்டைகளின்மேல் நிறுத்தினால், பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே அடியில் படுத்து வேலை செய்யலாம். ஆள் மகா யோசனைக்காரர்.

மேடம் ஒரு நீளமான பெட்டியைத் திறந்தார். உள்ளே டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணில் வைத்து முறுக்கினால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர். மூடியில் மருந்துக்கடைக்காரர் கையெழுத்தில் ஒரு சீட்டு: வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கவும். ரெஞ்ச் தொண்ணூறில் நின்றது.

பக்கத்தில் ஒரு நோட்டு. அந்த வேலையை இருபத்துமூன்று படிகளாக எழுதியிருந்தார். முடித்த ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் ஒரு டிக். இருபத்திரண்டாவது, சக்கர நட்டுகள், தொண்ணூறு. டிக் இருந்தது. இருபத்துமூன்றாவது, வண்டியை இறக்கிப் பாரம் வந்த பின் ஆர்ம் போல்ட் நான்கும், நூற்றிருபது. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

"அவர் இப்படி விட்டுட்டுப் போறவரே இல்ல மேடம்" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு உள்ள வந்து உட்கார்ந்தப்ப கோபம் அடங்கவே இல்ல. ஒரு சொம்பு தண்ணி குடிச்சார். அப்புறம் வெளிய போய், டார்ச் அடிச்சு ஒரு தடவை அடியில பார்த்தார். எல்லாத்தையும் மடமடன்னு பெட்டியில போட்டுட்டு வந்து படுத்துட்டார்."

டார்ச் அடித்துப் பார்த்தவர் கண்ணில் நாலு சிவப்புக் கோடு பட்டிருக்கும். முறுக்கியாகிவிட்டது என்று நினைத்திருப்பார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கோடு போட்டது யார்?

மேடம் சுவரோரம் குனிந்தார். அங்கே இரண்டு அட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, காருக்கு அடியில் படுக்க விரிப்பது. ஒன்று ஆள் நீளம், முழுக்க எண்ணெய்க் கறை. இன்னொன்று அதில் பாதி, சுத்தமாக இருந்தது. அதன் விளிம்பில் ஒரு ஹேர்கிளிப் மாட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டாம் மேடம், கேட்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நாலு மணிக்கு நிற்கப் போகிறவனின் முகம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"இது யார் படுக்கிறதும்மா?"

"நான்தான்." காலையிலிருந்து முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ லேசாக மலர்ந்தது. "கல்யாணமானதுலேர்ந்து அவர் வண்டி வேலை பார்த்தா டார்ச் பிடிக்கிறது நான். மார்க் வைக்கிறதும் நான்தான். அவருக்குக் கை பெரிசு, இடுக்குல போகாது. அந்த பாட்டில்கூட இதுக்குன்னு வாங்கினதுதான். நகத்துக்கு ஒரு நாள்கூட நான் போட்டதில்ல."

கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு பாட்டில் இருந்தது. அதற்கும் சீட்டு ஒட்டியிருந்தது.

"அன்னிக்கும் நீங்கதான் வச்சீங்களா?"

"ஆமா. ரெண்டு பேரும் கேட்டுல நின்னு அப்படிக் கத்துறாங்க. ஒருத்தர் புருஷன், ஒருத்தன் தம்பி. நான் யாரை அடக்குறது? எனக்குக் கை காலெல்லாம் ஓடல. சரி, கையில ஒரு வேலை இருக்கட்டும்னு உள்ள வந்து நாலையும் வச்சு முடிச்சேன்."

"அவர் முறுக்கினதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? வண்டிதான் இறங்கிடுச்சே. எல்லா போல்ட்டும் முறுக்காம அவர் ஜாக்கியை இறக்கவே மாட்டார். இறங்கினா முடிஞ்சதுன்னு அர்த்தம்." மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் மேடம், இது தம்பிக்கு உதவுமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை.

"உதவும்மா" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மேடம் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். இரண்டு மணி தாண்டியிருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று எப்போதும் என்னிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். தேடிப் பார்த்தேன், இல்லை.

எழுதியதைக் கொடுத்ததும் அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நம்பினேன். தம்பி வெளியே வரட்டும், மற்றது பிறகு தெரியட்டும் என்று கோழைத்தனமாக ஆசைப்பட்டேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மருந்துக்கடைக்காரர் மனைவி, எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். பாதியில் அவர் விரல் ஒரு வரியில் நின்றது. எழுந்து ஷெட்டுக்குப் போனார். நோட்டோடு திரும்பி வந்தார். இருபத்துமூன்றாவது வரியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"தம்பியை விட்டுடுவாங்கள்ல?"

"விட்டுடுவாங்க" என்றார் மேடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லாமல் அந்த வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவது? வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"உங்க மேல என்னம்மா தப்பு? கல்யாணமானதுலேர்ந்து வண்டி இறங்கினதும் மார்க் வச்சிருக்கீங்க. இந்தத் தடவை மட்டும் வேற மாதிரின்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"சொன்னார் சார்."

மூக்குக்கண்ணாடி கவரை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்குக் காலையில. நான் அடுப்படியில இருந்தேன். பின்னாடி வந்து நின்னு, 'இந்தத் தடவை இறக்கினதும் மார்க் வச்சிடாதே, அதுக்கப்புறம்தான் முறுக்கணும்'னு சொன்னார். காதுல விழுந்துச்சு. எப்பவும் வண்டி பத்தி ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பார்ல. நான் 'ம்'னு சொல்லிட்டேன்."

அவர் எழுந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குப் பார்க்க விடுவார்கள், முகம் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று எங்களுக்கோ தனக்கோ சொல்லிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

மேடமும் நானும் தெருவுக்கு வந்தோம். மூன்று மணி வெயில். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம். கேஸை ஜெயித்துவிட்டோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மேடம் நடந்துகொண்டே ஏதோ சொன்னார். நான் என் பாட்டுக்கு "ம்" என்று சொல்லப் போனேன். நிறுத்திக்கொண்டேன்.

"என்ன சொன்னீங்க மேடம்? காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."

மேடம் நின்று என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"தம்பி வெளிய வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு. அஞ்சு மணிக்கு அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாடி அந்தப் பொண்ணு தனியா நிக்கக் கூடாது."

"அஞ்சு மணிக்கு. தம்பியோட. நேரா ஆஸ்பத்திரிக்கு" என்று திருப்பிச் சொன்னேன்.

இருவரும் வேகமாக நடந்தோம்.